அம்சவள்ளி வீடு ஆற்றுக்குப் போன வருஷங்கள்

1929ஆம் வருஷம் மாசி மாதத்தில் குருவிநத்தத்து அம்சவள்ளியின் வீடு தெற்கே நாலு விரற்கடை நகர்ந்தது. அந்த வாரம் பாகூர் ஏரியில் எட்டடித் தண்ணீர் இருந்தது, கரும்பு வெட்டு முடிந்திருந்தது, ஊரில் இரண்டு கன்றுக்குட்டிகளுக்குக் கோமாரி வந்து ஒன்று பிழைத்தது. வீடு நகர்ந்ததை முதலில் பார்த்தவள் அம்சவள்ளியேதான். விடிந்ததும் வாசல் தெளிக்க வந்தவள், வடக்குச் சுவரை ஒட்டிக் கிடந்த உரலுக்கும் சுவருக்கும் நடுவே கை நுழைகிற இடைவெளி இருப்பதைக் கண்டாள். நாலு ஆள் சேர்ந்து தள்ளினாலும் அசையாத உரல் அது. வீட்டைச் சுற்றிக்கொண்டு தெற்குப் பக்கம் போனாள். அங்கே அவள் போட்டிருந்த கீரைப் பாத்தியின் ஓரத்தில் சுவர் ஏறி உட்கார்ந்திருந்தது. சுவரில் விரிசல் இல்லை, கூரையில் வேய்ந்த கரும்புத் தோகை ஒன்றுகூடக் கலையவில்லை, அடுப்பில் முதல் நாள் நெருப்பு நீறு பூத்து அப்படியே இருந்தது. அம்சவள்ளி நசுங்காத கீரையைப் பறித்துக் கடைந்து வைத்துவிட்டு களையெடுக்கப் போனாள்.

அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. பதினாலு வயதில் கண்ணையனுக்கு வாழ்க்கைப்பட்டு, பத்தொன்பது வயதில் அவனை விஷக்காய்ச்சலுக்குக் கொடுத்தவள். மனைக்கட்டும் அரைக்காணி நிலமும் அவளுடைய அப்பா சீராகக் கொடுத்தவை. பிரெஞ்சுக்காரன் கொம்யூன் கச்சேரியான மேரியில் அவள் பேரில்தான் பதிவாகியிருந்தன. அதனால் புருஷன் போன பிறகும் அவளை அங்கிருந்து யாரும் கிளப்ப முடியவில்லை. கண்ணையன் செத்த பதினாறாம் நாள் நடந்தது ஊரில் எல்லாப் பெண்களுக்கும் நடப்பதுதான். கை நிறைய வளையல் அடுக்கினார்கள், தலை கொள்ளாமல் பூ வைத்தார்கள், முகம் முழுக்க மஞ்சள் பூசினார்கள். கல்யாணத்துக்குக்கூட அவளை அவ்வளவு சோடித்ததில்லை. பிறகு எல்லாவற்றையும் உடைத்துப் பிய்த்துப் போட்டார்கள். தாலிக்கயிறு மட்டும் ஆடிப்பெருக்குக்கு மாற்றிய புதுக்கயிறு. நாலு பெண்கள் பிடித்து இழுத்தும் அவள் கழுத்துத் தோல் உரிந்ததே தவிர கயிறு அறவில்லை. கடைசியில் கதிர் அறுக்கிற கருக்கரிவாளைக் கொண்டுவந்தார்கள். அரிவாள் பல் பட்டுப் பிடரியில் விழுந்த கீறல் பத்து நாளில் ஆறிவிட்டது. அன்றைக்கு வந்த கோபம் ஆறவில்லை.

ஏழு வருஷம் தனியாக இருந்தாள். எட்டாம் வருஷம் மார்கழியில் காட்டேரிக்குப்பத்திலிருந்து நடேசன் வந்தான். வெல்லம் காய்ச்சுவதில் அவனுக்கு ஈடு அந்தப் பக்கத்தில் இல்லை என்று சொல்லி அவனை வரவழைத்தவர் தணிகைவேல், கண்ணையனுடைய அண்ணன், ஊரில் பாதி நன்செய்க்குச் சொந்தக்காரர், ஆலை வைத்திருப்பவர். அம்சவள்ளி தன் பங்குக் கரும்பை ஆட்டிக் காய்ச்ச ஆலைக்குப் போனாள். நடேசன் கொப்பரையில் துடுப்பு போட்டுக் கிண்டி, பாகை ஒரு சொட்டு தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்த்து, பதம் வந்துவிட்டது என்று இறக்கச் சொன்னான். அவள் அந்த உருண்டையை எடுத்து வாயில் போட்டுப் பார்த்து, கொஞ்சம் முன்னாலேயே இறக்கியிருக்க வேண்டும் என்றாள். அவனிடம் அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. அவனும் ஒரு துளி வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, ஆமாம் என்றான். தை கடைசியில் ஆலை ஓய்ந்து மற்ற ஆட்கள் ஊர் திரும்பியபோது நடேசன் திரும்பவில்லை. அவனுடைய நீளத் துடுப்பு அம்சவள்ளி வீட்டுச் சுவரில் பட்டப்பகலில் சாய்ந்து நின்றது.

ஒளித்துச் செய்திருந்தால் ஊர் கண்ணை மூடிக்கொண்டிருக்கும். அப்படி மூடிக்கொள்வதில் குருவிநத்தத்துக்கு நல்ல பழக்கம் உண்டு. அவள் ஒளிக்கவில்லை. ஆகவே பிடாரி கோயில் முன்னால் ஊர் கூடியது. தணிகைவேல் கெட்டவர் இல்லை. அவர்கள் சனத்தில் தாலி அறுத்தவள் மறுபடி கட்டிக்கொள்கிற, அறுத்துக்கட்டுகிற வழக்கம் உண்டு, நடேசனும் அதே சனம், ஒரு மதியத்தில் முடித்துவிடக்கூடிய விஷயம் என்று அவர் நினைத்தார்.

"ஊரு ஒலகத்துல நடக்காததா நடந்துபோச்சி? ஆத்தா சன்னிதில ஒரு மஞ்சக்கயித்த கட்டிக்கிங்க. பத்து பேருக்கு சோத்தப் போட்டுட்டு அதோட வுட்டுடுவோம்" என்றார்.

"கயிறு வாணாம் மாமா" என்றாள் அம்சவள்ளி.

"ஏம்மா, இன்னா கொற?"

"கொறல்லாம் ஒண்ணுமில்ல. கட்டுனா ஒரு நாளைக்கி அறுப்பீங்க. அத ஒரு தபா பார்த்துட்டேன். மறுபடியும் என் கழுத்த குடுக்க மாட்டேன்."

நடேசனைக் கேட்டார்கள். தனக்குக் கட்டுவதில் ஆட்சேபணை இல்லை, அவளுக்கு இஷ்டமில்லை என்றால் தான் என்ன செய்வது என்று அவன் தரையைப் பார்த்துச் சொன்னான். ஊருக்கு இது பிடிபடவே இல்லை. தப்பு செய்தவளை மன்னிக்க எல்லாரும் தயாராக வந்திருந்தார்கள். அவளோ மன்னிப்பைக் கையில் வாங்காமல் முந்தானையை உதறிக்கொண்டு போய்விட்டாள். கொடுக்க வந்ததைத் திருப்பி எடுத்துப்போகிறவர்களுக்கு வருகிற ஆத்திரம் சாதாரண ஆத்திரம் இல்லை. தணிகைவேல் அன்றைக்கு வீடு திரும்பும்போது அம்சவள்ளியின் வாசலுக்கு வடக்கே நின்று, தம்பி பெண்டாட்டி என்றுகூடப் பார்க்காமல் ஒரு வார்த்தை சொன்னார். ஏழு வருஷத்தில் அவளைப் பற்றி அந்த வார்த்தையை யாரும் சொன்னதில்லை. வீடு நாலு விரற்கடை நகர்ந்தது அந்த வார்த்தைக்குத்தான்.

இதைக் கண்டுபிடித்தவள் வடக்கு வீட்டுத் தையலம்மாள். அந்தத் தெருவில் எந்த அடுப்பில் பால் பொங்கினாலும் தன்னிடம் சொல்லிவிட்டுத்தான் பொங்க வேண்டும் என்று நினைக்கிறவள். அவள் தன் வாசலில் நின்று அம்சவள்ளியைப் பற்றி வாய்க்கு வந்ததைப் பேசும்போதெல்லாம் எதிர் வீடு கொஞ்சம் தள்ளிப்போவதைப் பத்தே நாளில் பார்த்துவிட்டாள். சின்னச் சொல்லுக்கு ஒரு விரற்கடை, வயிற்றில் பிள்ளை தங்காததைச் சேர்த்துச் சொன்னால் ஒரு சாண். சொல்கிறவர் எந்தத் திசையில் நிற்கிறாரோ அதற்கு எதிர்த் திசையில் வீடு போகும். கிழக்குப் பக்கம் நின்று சொன்னால் மேற்கே போகும், மேற்குப் பக்கம் நின்று சொன்னால் கிழக்கே வரும். சிலர் ஒரு நாள் கூடி நின்று அவளைப் புகழ்ந்தும் பார்த்தார்கள். நல்ல பாட்டாளி என்றார்கள், கை சுத்தம் என்றார்கள். வீடு அசையவில்லை. ஊர் வீட்டைத் திரும்பக் கொண்டுவருவதற்காகப் புகழ்ந்ததே தவிர அவளுக்காகப் புகழவில்லை, அது வீட்டுக்குத் தெரிந்திருக்கும்.

மேரியிலிருந்து ஒரு குமாஸ்தா சங்கிலியுடன் வந்து அளந்தார். வீடு தன்னுடைய மனையில் முக்கால்வாசியும் பக்கத்து மனையில் கால்வாசியும் இருந்தது. அடுத்த மாதம் பாதிக்குப் பாதி இருந்தது. மேலே எழுதிக் கேட்டார். வீடு என்பது சட்டப்படி நகராத சொத்து, ஆகவே அளந்தவர் மறுபடி சரியாக அளக்கவும் என்று பதில் வந்தது. அவர் மறுபடி சரியாக அளந்தார். அதற்குள் வீடு இன்னும் ஒரு முழம் போயிருந்தது.

குருவிநத்தம் அப்போதுதான் அந்தத் தப்பைச் செய்தது. அதை வேறு எந்த ஊரும் செய்திருக்க முடியாது. வாய்க்கால் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சிப் பழகிய ஊர் அது. யாருக்கு எந்தக் கிழமை, எத்தனை நாழிகை என்பது எல்லாருக்கும் மனப்பாடம். முறையை அறிவித்து மடை திருப்புகிற நீர்க்கட்டி பக்கிரி சொன்னால் பெரிய பண்ணைக்காரரும் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார். ஊர்க்கூட்டத்தில், பேச்சையும் அப்படியே முறை வைத்துவிடலாம் என்று யாரோ சொன்னார்கள். ஆளாளுக்குத் தோன்றிய நேரத்தில் தோன்றிய திசையில் பேசினால் வீடு தெருவுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். எல்லாரும் வடக்கே நின்று, நாளைக்கு ஒரு குடும்பமாகப் பேசினால், வீடு நேராகத் தெற்கே போய், இரு கை விரித்த அளவில் இருநூறு பாகம் தள்ளி இருக்கிற தென்பெண்ணைக் கரையேறி, வறண்ட மணலில் இறங்கி, பிரெஞ்சு எல்லையைத் தாண்டி அக்கரையில் இங்கிலீஷ்காரன் சீமைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். பிறகு அவள் எப்படி இருந்தால் நமக்கென்ன என்றார்கள். மறுநாள் முதல் பக்கிரி தெருவில் நடந்து, தண்ணீர் யாருக்கு என்று ஒரு குரலும், பேச்சு யாருக்கு என்று இன்னொரு குரலும் கொடுத்துவிட்டுப் போனான். வேலையை ஒழுங்காகச் செய்கிறவன் அவன். எந்த வேலை என்று கேட்கிறவன் இல்லை.

முறை இரண்டரை வருஷம் தவறாமல் நடந்தது. காலைக் கஞ்சி குடித்ததும் முறைக்காரக் குடும்பம் வந்து நிற்கும். சிலர் வெட்கப்பட்டு ஒரு வார்த்தையோடு போய்விடுவார்கள், சிலர் பாக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பேசுவார்கள். அம்சவள்ளி உள்ளே இருந்தபடி எல்லாவற்றையும் கேட்டாள். வலிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். முதல் வருஷம் முழுக்க வலித்தது. சின்ன வயதில் தன்னோடு நண்டு பிடித்தவள், தான் மருத்துவச்சியாக நின்று பேறுகாலம் பார்த்தவள் எல்லாம் வந்து நின்று பேசியபோது அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். ஒவ்வொரு சொல்லுக்கும் வீடு நகரும்போது பானைகள் ஒரு முறை உரசிக்கொள்ளும், விளக்கு மாடத்தில் எண்ணெய் லேசாகத் தளும்பும். நாளாக ஆக அந்த அசைவை வைத்தே சொன்னவர் யார், நம்பிச் சொன்னாரா, முறைக்குச் சொன்னாரா என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. வீடு போனதே தவிர கிணறு இருந்த இடத்திலேயே இருந்தது. பதினோரு எட்டில் தண்ணீர் எடுத்தவள் முந்நூறு எட்டு நடந்தாள், பிறகு எழுநூறு எட்டு நடந்தாள். நடேசன் இன்னொரு குடம் எடுத்துக்கொண்டு கூடவே வந்தான். ஆலைக் காலத்தில் தணிகைவேலின் வெல்லத்தையும் அவன்தான் காய்ச்சினான். அவனைப் போல் காய்ச்ச வேறு ஆள் இல்லாததால் அந்த விஷயத்தில் மட்டும் ஊருக்கு ஒழுக்கம் குறுக்கே வரவில்லை.

இரண்டாம் வருஷம் வீடு தணிகைவேலின் நன்செய்க்குள் இறங்கியது. முறை வைத்தபோது ஊருக்கும் ஆற்றுக்கும் நடுவே யாருடைய நிலம் இருக்கிறது என்பதை ஒருத்தரும் யோசிக்கவில்லை. அவரே யோசிக்கவில்லை. பால் பிடித்து நின்ற நெற்பயிரின் மேல் சுவர் ஏறியதைப் பார்த்ததும் அவர் தெற்கே ஓடிப்போய், வரப்பில் நின்று, வீட்டைத் திருப்பி அனுப்ப, பயிர் போன ஆத்திரத்தில் அவளை மனசாரத் திட்டித் தீர்த்தார். அன்று வடக்கே தையலம்மாளின் முறை. இரண்டு பக்கமும் சொல் வந்து மோத, வீடு நடுவில் மாட்டிக்கொண்டு இரண்டு நாள் நடுங்கியது. மேற்குச் சுவரில் ஒரு விரிசல் விழுந்தது. ஊர்ப் பெரியவர்கள் தணிகைவேலைக் கையைப் பிடித்து அழைத்துவந்து, ஊர் மானத்துக்காக ஒரு போகத்தை விட்டுக்கொடுக்கச் சொன்னார்கள். அவர் விட்டுக்கொடுத்தார். அந்தத் தடவை வீடு போன வழியெல்லாம் நெல் படுத்துக் கிடந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கணக்கில் வராதது. பழகின வார்த்தைக்கு எடை குறைந்துபோனது. ஒரு சாண் தள்ளிய சொல் ஒரு விரற்கடைதான் தள்ளியது. புதிதாகச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. இருந்ததை எல்லாம் பேசித் தீர்த்திருந்தார்கள். சித்திரைக்குள் அக்கரை போயிருக்க வேண்டிய வீடு, 1931ஆம் வருஷம் ஐப்பசியில்தான் ஆற்றங்கரையில் ஏறி, கரையின் உச்சியில் போய் உட்கார்ந்தது. மறுநாள் மழை பிடித்தது. மேற்கே திருவண்ணாமலைப் பக்கமெல்லாம் கொட்டியதில் மூன்றாம் நாள் தென்பெண்ணை கரை முட்ட வந்தது. பக்கிரி கரையைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தணிகைவேல் வீட்டுக்கு ஓடி வந்தான். வீட்டின் பாரத்தில் கரையில் முழ நீளத்துக்கு வாய் பிளந்திருக்கிறது, வீடு தெற்கே இன்னும் ஒரு சாண் போனால் கரை உடையும், கரை உடைந்தால் குருவிநத்தம் இருக்காது என்றான். கடப்பாறை போட்டு வீட்டை இடிக்கலாமா என்று கேட்டார்கள். அடிக்கிற அடியிலேயே கரை போய்விடும் என்றான்.

அன்றைக்கு ஊரே வாயை மூடிக்கொண்டது. பேச்சு முறை நிறுத்தப்பட்டது. தையலம்மாளின் வாயில் அவளுடைய மருமகள் வெற்றிலையைத் திணித்தபடியே இருந்தாள், துப்பினால் அடுத்தது. மழைச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லாமல் மூன்று நாள் கழிந்தது. வாயை மூடினால் மட்டும் போதாது, மனசுக்குள் நினைத்தால் நகருமோ என்று பயந்து சிலர் அவளை நினைக்காமலிருக்கவே ஓயாமல் வேலை செய்தார்கள். ஆறாம் நாள் காலையில் தணிகைவேல் தலையில் கோணிச்சாக்கைப் போட்டுக்கொண்டு கரையேறி வந்தார்.

"உன் கால்ல வுழுவறேன் அம்சா. கயித்த கட்டிக்க. ஆத்தா மனசு எறங்குனா வூடு தானா எறங்கும்."

அம்சவள்ளி அவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். கரை உடைவதை அவளும் பொறுக்க மாட்டாள். ஊரில் இருந்த பிள்ளைகளில் பாதி அவள் கையில் விழுந்தவை. ஆனால் கயிறு என்ற சொல்லைக் கேட்டதும் பிடரியில் அரிவாள் பல் பட்ட இடம் எரிந்தது.

"அது ஒண்ண மட்டும் கேக்காதீங்க மாமா. வேற இன்னா செய்யணும், சொல்லுங்க."

தணிகைவேல் யோசித்துவிட்டு, அப்படியானால் நீயே தெற்கே இறங்கி நின்று, உன்னைப் பற்றி ஊர் சொன்னதை எல்லாம் உன் வாயால் சொல், வீடு வடக்கே இறங்கட்டும் என்றார். அவள் மறுக்கவில்லை. இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையை நடேசனும் பக்கிரியும் பிடித்துக்கொள்ள, வெள்ளத்தின் ஓரத்தில் இறங்கினாள். தண்ணீர் மார்பளவு வந்தது. ஊர் மொத்தமும் கரைமேல் நின்று பார்த்தது. அவள் வீட்டைப் பார்த்து, இரண்டரை வருஷமாகக் கேட்டதை முறை மாறாமல், எந்தக் குடும்பம் எந்தச் சொல் என்று பிசகாமல், உரத்த குரலில் தன்மேல் சொன்னாள். தணிகைவேலின் முதல் சொல்லில் தொடங்கித் தையலம்மாளின் கடைசிச் சொல் வரை சொன்னாள். அவரவர் சொல் வரும்போது அவரவர் தலை குனிந்தது. சொல்லி முடிக்க ஒரு நாழிகைக்கு மேல் ஆயிற்று. வீடு ஓர் இம்மிகூட நகரவில்லை. அவற்றில் ஒரு சொல்லைக்கூட அவள் நம்பவில்லை என்பதை குருவிநத்தம் முழுவதும் அன்று கண்ணால் பார்த்தது. பிறகு ஆண்கள் எட்டுப் பேர் அதே இடத்தில் இறங்கித் திட்டினார்கள். கரையைக் காப்பாற்றத் திட்டுகிறார்கள், அவளைத் திட்டவில்லை. வீடு அப்படியே இருந்தது. எல்லாரும் நனைந்துகொண்டு திரும்பிப் போனார்கள்.

ஏழாம் நாள் பகல் சாய்கிற நேரம். தண்ணீர் கரையின் உதட்டைத் தொட்டுவிட்டது. நடேசன் அடுப்பங்கரையில், தெற்குச் சுவரில் முதுகு சாய்த்து உட்கார்ந்திருந்தான். சுவருக்கு அந்தப் பக்கம் ஆறு உரசிக்கொண்டு போகிற அதிர்வு முதுகில் தெரிந்தது. மூன்று நாளாக அவன் சரியாகச் சாப்பிடவில்லை. அம்சவள்ளி எதிரே கூழ் கரைத்துக்கொண்டிருந்தாள்.

"கட்டிக்கினா இன்னாடி கொறஞ்சி பூடும்?" என்றான்.

அவள் கை நின்றது. "நீயுமா?"

"நீ எனக்கோசரம் இருக்கல. உன் வீம்புக்கு என்ன வெச்சிக்கினு இருக்க. ஊரு சொன்னதுல ஒரு தப்புமில்லடி. நீ யாருக்குமே பொஞ்சாதியா இருக்க லாயக்கில்லாதவ."

சொல்லி வாய் மூடுவதற்குள் வீடு கிளம்பியது. இரண்டரை வருஷத்துச் சொற்களை எல்லாம் ஒன்றாகக் கட்டி வைத்தாலும் அந்த வேகம் வராது. பானைகள் உருண்டன, கூழ்ச்சட்டி கவிழ்ந்தது, வீடு கரையை விட்டு வடக்கே இறங்கி, சேற்றைக் கிழித்துக்கொண்டு போய், தணிகைவேலின் வயல் நடுவில் பதினெட்டுப் பாகம் தள்ளி நின்றது. கரைமேல் இருந்தவர்கள் கத்திய சத்தம் ஊர்வரை கேட்டது. பக்கிரி ஆட்களைக் கூட்டி, பிளந்த இடத்தில் வைக்கோலும் களிமண்ணும் போட்டு மிதித்து இருட்டுவதற்குள் அடைத்துவிட்டான். கரை நின்றது. ஊர் பிழைத்தது.

வீட்டுக்குள் இரண்டு பேரும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். முதலில் நடேசன்தான் பேசினான்.

"பயத்துல சொல்லிட்டன்டி."

"பயத்துல சொன்னா வூடு இவ்ளோ தூரம் வராது" என்றாள் அம்சவள்ளி.

அவன் உருண்ட பானைகளை எடுத்து நிமிர்த்தி வைத்தான். மறுநாள் மழை விட்டதும் துடுப்பைத் தோளில் வைத்துக்கொண்டு காட்டேரிக்குப்பத்துக்கு நடந்தான். போ என்று அவள் சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை. அவன் வரப்புத் திரும்பி மறைந்த பிறகு, தெற்குச் சுவரில் அவன் முதுகு சாய்ந்திருந்த இடத்தில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள். ஊர் முழுக்கச் சேர்ந்து சொன்னதில் அவள் வடித்த கண்ணீரைவிட அது அதிகம். சாயந்தரம் தணிகைவேல் வந்து, தன் வயலில் நிற்கிற வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, யார் சொன்ன சொல்லுக்கு இறங்கியது என்று கேட்டார். தெரியாது மாமா என்றாள். பிடாரி இறக்கியதாக ஊர் முடிவு செய்து அந்த வருஷம் பொங்கலைப் பெரிதாக வைத்தது. தணிகைவேல் அந்த மூன்று குழி நிலத்தை அவளுக்கே விட்டுவிட்டார். பேச்சு முறையை மறுபடி யாரும் தொடங்கவில்லை. அவளை நல்லவள் என்று ஒத்துக்கொண்டதால் அல்ல. பழக்கம் விட்டுப்போயிற்று, பயம் இருந்தது, ஆற்று வெள்ளத்தில் நின்று அவள் தங்கள் சொல்லைத் தங்கள் முகத்துக்கு நேரே திருப்பிச் சொன்னதும் நினைவிருந்தது.

இரண்டு ஆலைக் காலம் நடேசன் இல்லாமல் போயிற்று. தணிகைவேலின் வெல்லம் இரண்டு வருஷமும் கருத்துப்போயிற்று. அம்சவள்ளி தன் அரைக்காணியை உழுதாள், நட்டாள், அறுத்தாள், வீட்டுப் பக்கத்தில் புதிதாக ஒரு கிணறு வெட்டினாள். 1933ஆம் வருஷம் கார்த்திகை மாதத்தில் ஒரு மதியம் அவள் வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தபோது நடேசன் வந்து நின்றான். கன்னம் ஒட்டியிருந்தது. அவள் முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"அன்னைக்கி சொன்னது நெசமாத்தான் சொன்னேன்" என்றான். "இல்லன்னு சொல்ல மாட்டேன். அந்த நேரத்துக்கு அது நெசம். ரெண்டு வருசமா பொரட்டிப் பொரட்டிப் பார்த்துட்டேன். இப்ப அது நெசமில்ல."

"கயிறு எதுனா கொண்டாந்தியா?"

"இல்ல."

அவள் உளுந்தைப் புடைத்து முடித்தாள். உமியை ஊதினாள். எழுந்து உள்ளே போய் மணைப்பலகையை எடுத்து, வடக்குச் சுவர் ஓரமாகப் போட்டாள்.

"இங்க ஒக்காரு. தெக்கு செவுத்தாண்ட இனிமே ஒக்காராத."

"ஏன்?"

"இன்னொரு தபா நெசமா சொல்லணும்னு உனக்கு வந்தா, வூடு ஆத்துப் பக்கமே போவட்டும். ஊருப் பக்கம் கொண்டாந்து வுட்டுடாத."

நடேசன் அவளைப் பார்த்தான், பலகையைப் பார்த்தான், பிறகு குனிந்து உள்ளே வந்து உட்கார்ந்தான். அவள் சோறு போட்டாள். அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம், அவன் சாகிறவரை, அவன் அந்த வீட்டில் வடக்குச் சுவரோரமாகவே உட்கார்ந்தான். அவர்கள் சண்டை போடாமல் இருந்தார்கள் என்று நினைக்க வேண்டாம், வாரத்துக்கு ஒரு தடவையாவது போட்டார்கள். வீடு ஒரு விரற்கடைகூட நகரவில்லை. மேரியிலிருந்து வேறொரு குமாஸ்தா வந்து அளந்து, வயல் நடுவில் ஒரு வீடு இருப்பதாக எழுதி, அதற்கு ஓர் இலக்கம் கொடுத்துவிட்டுப் போனார்.